கழற்றிப் பூட்டும் ஸ்லிங் ஸ்விவல்: வேட்டைத் துவக்கில் நம்பலாமா?

வடக்குக்காடு (ஒன்ராறியோ)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முழுதாகச் சொல்லாமல் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

இந்த நவம்பர் மான் சீசனில் பாரி சவுண்ட் பக்கம் நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். இது எனக்கு மூன்றாவது சீசன். துவக்கு .308 போல்ட் ஆக்ஷன், வால்நட் கட்டை (துவக்கின் மரப்பகுதி), போன வருடம் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்கோப்போடு சேர்த்து 3.9 கிலோ. ஸ்லிங், அதாவது தோளில் மாட்டும் பட்டி, இரண்டு முனையிலும் கியூடி (கையாலேயே கழற்றிப் பூட்டும்) ஸ்விவல் என்ற கொக்கியில் மாட்டியிருக்கும். கட்டையில் திருகியிருக்கும் ஸ்டட் என்ற உலோகக் குமிழின் ஓட்டைக்குள் ஊசி போய், ஸ்பிரிங் பிளஞ்சர் (தள்ளுமுளை) பூட்டும் சாதாரண வகை. ஸ்டட்டுகள் துவக்கோடு வந்தவை, ஸ்விவல் மட்டும் நான் புதிதாக வாங்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை வெளிச்சம் போனதும் மகசீனைக் கழற்றி, சேம்பர் (குண்டு நிற்கும் அறை) காலி என்று விரலை விட்டும் பார்த்துவிட்டு, துவக்கை வலது தோளில் குழாய் மேலே பார்க்க மாட்டிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். ஒரு விழுந்த மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கிய நேரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி தோளில் பாரம் இல்லை. ஸ்லிங்கின் பின்முனை கட்டையிலேயே இருக்கிறது, முன்முனை மட்டும் வாய் திறந்தபடி என் முழங்கையில் தொங்குகிறது, துவக்கு கருங்கல் பாறையில் ஸ்கோப் அடிபட விழுந்து கிடக்கிறது. அந்தப் பகுதியில் மண்ணை விடப் பாறைதான் அதிகம், அதுவும் என் கெட்ட நேரம். மறுநாள் 100 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன், வலப்பக்கம் ஆறு அங்குலம் விலகிப் போகிறது. மிச்ச இரண்டு நாளும் நான் வேட்டைக்குப் போகவில்லை, சமைத்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்தவர்களில் ஒருவர், ‘இந்தக் கழற்றிப் பூட்டும் சாமானே வேண்டாம், திருகி இறுக்கும் நிலையான ஸ்விவலைப் போடு, கனேடியன் றேஞ்சர்ஸ் படைப்பிரிவு பழைய லீ என்ஃபீல்ட் இராணுவத் துவக்கை எத்தனை வருடம் அப்படித்தானே தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்’ என்கிறார். இன்னொருவர் புஷ் பட்டன் வகைக்கு மாறச் சொல்கிறார். ஆனால் எனக்கு ஸ்லிங் கழன்று வருவது தேவையாகவும் இருக்கிறது. மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் உட்காரும்போது அது கீழே தொங்கிக் காற்றில் ஆடுவது பிடிக்கவில்லை, மான் முதலில் பார்ப்பது அசைவைத்தான். உண்மையில் இந்தப் பூட்டு எவ்வளவு நம்பகம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தடம் (ஒன்ராறியோ)

தம்பி, முதலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது போதும். சேம்பரைக் காலி செய்துவிட்டு நடந்தாய் பார், அந்தப் பழக்கத்தை ஒருநாளும் விடாதே.

இனி விசயத்துக்கு வருகிறேன். நான் 1998இலிருந்து இந்த மாகாணத்தில் மானும் மூஸும் வேட்டையாடுகிறேன், அத்தனை வருடமும் இந்த ஊசி வகைக் கியூடியில்தான். என் கண்ணால் பார்த்த விழுகைகளில் ஸ்விவல் உடைந்து விழுந்தது ஒன்றே ஒன்று. அது உருக்கு இல்லை, வார்ப்பு உலோகத்தில் செய்த மலிவுச் சாமான், உடைந்த இடம் பொரிவிளங்காய் உடைத்த மாதிரி மணல் மணலாக இருந்தது. மற்றதெல்லாம் ஸ்விவல் உடைந்து வந்ததில்லை. ஒன்று சரியாகப் பூட்டாமல் விட்டது, இல்லாவிட்டால் ஸ்டட் கட்டையிலிருந்து கழன்றது. அதனால்தான் உன்னிடம் முதலில் கேட்கிறேன்: உன் ஸ்விவல் திறந்ததா, உடைந்ததா? வாய் திறந்தபடி தொங்கியது என்கிறாய், அப்படியானால் ஊசி முழுதாக இருக்கிறதா? ஊசியின் நுனி வளைந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? ஸ்டட் கட்டையில் நேராக நிற்கிறதா?

ஸ்டட் நேராக நிற்பது என்றால் என்னவென்று சொல்கிறேன், ஏனெனில் இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டட்டில் உள்ள ஓட்டை துவக்கின் குறுக்கே, இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். அது கொஞ்சம் திரும்பியிருந்தால் ஸ்டட் கழன்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு சீசனில் பின்பக்க ஸ்டட் இப்படித்தான் போனது. நான் துவக்கைத் தோளுக்கு ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக ஸ்லிங்கை முறுக்குவேன், அந்த முறுக்கு ஸ்விவல் வழியாக ஸ்டட்டுக்குப் போய், நாளுக்கு நாள் ஒரு நூல் அளவு திருகைத் தளர்த்தி, கடைசியில் விரலால் கழற்றலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. விழுவதற்கு முன் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஸ்டட்டின் அடியிலிருந்து கட்டை வரைக்கும் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு முறிந்து தெரிந்தால் ஸ்டட் அசைந்திருக்கிறது. மனைவியின் போத்தல்தான், ஒரு சொட்டுப் போதும்.

முன்பக்க ஸ்டட் பெரும்பாலும் மெஷின் திருகு, கட்டைக்கு உள்ளே நட்டு இருக்கும். அதற்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி வைத்தால் அசையாது. பின்பக்கம் மரத்திருகு, அங்கே பசையை விட ஓட்டையின் அளவுதான் முக்கியம். மரத்துக்குள் ஓட்டை பெருத்துப் போயிருந்தால் தீக்குச்சியைத் திணித்துச் சமாளிக்காதே. கடின மரத்தில் ஒரு முளை செய்து எபொக்சியில் ஒட்டி, காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டு, திருகில் கொஞ்சம் மெழுகு பூசி ஏற்று.

நிலையான ஸ்விவலும் ஒரு திருகில்தான் நிற்கிறது, அதையும் மறக்காதே. றேஞ்சர்ஸ் கதை சொன்ன நண்பருக்கும் இதையே சொல்லு. லீ என்ஃபீல்டில் முன்பக்கத் திருகு உருக்கு வளையத்துக்குள் போகிறது, உன் வால்நட் கட்டையில் மரம் வழியாகப் போகிறது. இரண்டும் ஒன்றில்லை.

பனிமலை ஆடு (நியூசிலாந்து, தென்தீவு)

வணக்கம். புஷ் பட்டன் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன், அந்த வகையை நான் ஆறு வருடமாக மலையில் பயன்படுத்துகிறேன்.

இங்கே நாங்கள் போவது தார் வேட்டைக்கு. இமயமலை வரையாடு, 1904இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டது, பெருகி இப்போது தெற்கு ஆல்ப்ஸின் நடுப்பகுதியில் மேய்கிறது. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே காப்பாற்றப் பாடுபடுகிறோம், இங்கே எண்ணிக்கையைக் குறைக்க வேட்டையாடச் சொல்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புஷ் பட்டனில் ஊசி கிடையாது. துப்பாக்கிக் கட்டையில் ஒரு உருக்குக் கிண்ணம் புதைத்திருக்கும், ஸ்விவலின் தண்டில் நாலு சின்ன உருண்டைகள் இருக்கும். பட்டனை அழுத்தினால் நடுத்தண்டு நகர்ந்து உருண்டைகள் உள்ளே ஒதுங்க இடம் கொடுக்கும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளி உருண்டைகளை வெளியே பிதுக்கி, கிண்ணத்தின் உள்பள்ளத்தில் மாட்டவைக்கும். நன்றாக மாட்டிவிட்டால் இதைக் கையால் பிடுங்கவே முடியாது, ஊசி வகையை விட உறுதி என்றுதான் சொல்வேன். ஆனால் இதன் பலவீனம் கிண்ணத்தில்தான் இருக்கிறது. திறந்து கிடக்கும் சின்னக் குழி, மண், பைன் ஊசி, பனி எல்லாம் அதற்குள் போகும். இரண்டு வருடத்துக்கு முன் ஜூலையில், காலையில் கூடாரத்துக்கு வெளியே விறைத்த விரலால் ஸ்விவலைக் குத்தினேன். உள்ளே போனது, நிற்கவும் செய்தது. ஆனால் ‘க்ளிக்’ வரவில்லை. குழியின் அடியில் முந்தைய நாள் உருகிய பனி மறுபடி உறைந்து ஒரு காசு கனத்துக்குக் கிடந்தது, அதனால் உருண்டைகள் பள்ளம் வரை இறங்கவே இல்லை, வெறும் உரசலில் நின்றிருக்கிறது. சந்தேகத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அப்போது நான் நின்ற இடத்துக்குக் கீழே இருநூறு மீட்டர் சரளைச் சரிவு.

அதனால் இப்போது மாட்டினால் உடனே இழுப்பேன், பிறகு கால்சுற்றுத் திருப்பி மறுபடி இழுப்பேன். சட்டைப் பையில் ஒரு பல்குச்சி எப்போதும் இருக்கும், குழியைக் குடைவதற்கு. ஸ்லிங் போடாத கிண்ணத்தில் ரப்பர் மூடி. குளிரில் உள்ளே கிரீஸ் போடவே கூடாது, இறுகிப்போய் உருண்டைகள் சோம்பேறியாகிவிடும். சுத்தமாகத் துடைத்துக் காயவைத்தாலே போதும்.

இன்னொன்று, பின்பக்கக் கிண்ணம் கட்டையின் பக்கவாட்டில் இருந்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டி பக்கிள் பட்டனை அழுத்த வாய்ப்பு உண்டு. என் நண்பருக்கு நடந்தது. அவர் ஸ்லிங்கை மறுபக்கம் மாற்றிக்கொண்டார், அதோடு சரியாகிவிட்டது.

வால்நட் கட்டையில் கிண்ணம் வைக்க வேண்டுமென்றால் பெரிய ஓட்டை போட வேண்டும், அதைத் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த ஒரு விழுகைக்காக நல்ல கட்டையைத் துளைக்க அவசரப்படாதீர்கள்.

மரைக்காடு (விக்டோரியா, அவுஸ்திரேலியா)

நான் பழைய தடம் அண்ணையோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஸ்விவல் தேயாது என்ற மாதிரி எழுதியிருக்கிறார். தேயும்.

எங்கள் வேட்டை வேறு மாதிரி. விக்டோரியா மலைக்காட்டில் மரை, ஊரில் நாங்கள் மரை என்று சொன்ன அதே விலங்கு, தமிழ்நாட்டில் மிளா அல்லது கடமான். 1860களில் இங்கே கொண்டுவந்து விட்டவை. அடர்ந்த பற்றைக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு இருநூறு மீட்டர் என்ற வேகத்தில் ஊர்ந்து போவோம், அந்த நேரம் ஸ்லிங் துவக்கில் இருந்தால் ஒவ்வொரு கொப்பிலும் மாட்டும். ஆகவே காட்டு விளிம்பு வரை ஸ்லிங், அங்கே கழற்றிப் பைக்குள், திரும்பி ஏறும்போது மறுபடி பூட்டு. ஒரு நாளில் நாலைந்து தரம். அண்ணை சீசன் முழுக்கப் பூட்டியே வைத்திருப்பார், எனக்கு அப்படியில்லை.

நாலு வருடம் போனபின் ஒருநாள் துவக்கைத் துடைக்கும்போது முன்ஸ்டட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பூச்சுப் போய் ஓட்டையின் மேல்விளிம்பு வெள்ளியாக மின்னியது, வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஊசியிலும் நடுவில் ஒரு சின்ன இடுப்பு. அன்றே இரண்டையும் மாற்றினேன். ஸ்லிங்கில் மணல் ஒட்டியிருந்தால் அது அரத்தூள் மாதிரி வேலை செய்கிறது, எங்கள் செம்மண் பாதையில் வாகனத்தின் பின்னால் துவக்குப் பை கிடந்தாலே போதும்.

சத்தத்தையும் யாரும் சொல்லவில்லை. ஊசி வகை ஸ்விவல் காய்ந்திருந்தால் நடக்கும்போது ‘கிரீச்’ என்று ஒரு முனகல் வரும், மரைக்கு அது போதும், ஒருமுறை ‘ஹோங்’ என்று கத்திவிட்டு ஓடினால் அந்தப் பள்ளத்தாக்கே காலி. ஸ்டட்டுக்கும் ஸ்விவலுக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டிப் பாருங்கள். சத்தமும் நிற்கும், ஸ்விவல் தேவையில்லாமல் ஆடுவதும் குறையும்.

நிலையான ஸ்விவலுக்குப் போகாதீர்கள். உங்களுக்குக் கழற்ற வேண்டிய தேவை இருக்கிறதென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தென்டெக்சாஸ்

ஒரு சின்னக் கேள்வி, வடக்குக்காடு. முன்ஸ்டட்டில் பைபாட் (குழாயைத் தாங்கும் இரண்டு கால் தாங்கி) ஏதாவது மாட்டுவீர்களா? ஸ்டட்டைக் கவ்விப் பிடிக்கும் பைபாடை இறுக்கி, அதன்மேல் துப்பாக்கியை முன்னால் தள்ளிச் சாய்த்துச் சுடும் பழக்கம் இருந்தால் ஸ்டட் மேல் விழும் சுமை ஸ்லிங் சுமையை விடப் பலமடங்கு. காட்டுப்பன்றிக்கு இரவில் அப்படிச் சுட்டுச் சுட்டு என் ஸ்டட் ஒரு பக்கம் சாய்ந்தே போனது. பிறகு கட்டைக்கு உள்ளே இருந்த நட்டுக்குப் பதில் அகலமான உருக்குத் தகடு வைத்து மாற்றினேன்.

வடக்குக்காடு

எல்லோருக்கும் நன்றி, பதில்களைப் படித்துவிட்டு நேற்று இரவு போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். பைபாட் இல்லை. ஸ்டட் நேராகத்தான் நிற்கிறது, அசையவில்லை. ஊசி வளையவில்லை, தேயவும் இல்லை, வாங்கி ஒரு வருடம்தானே.

ஸ்விவலை மறுபடி ஸ்டட்டில் பூட்டினேன், ‘டிக்’ என்று சத்தமும் வந்தது. வழக்கமாக அந்தச் சத்தத்தோடு நிம்மதியாகிவிடுவேன். இந்த முறை மேசை விளக்குக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். ஸ்விவலில் ஊசி புறப்படும் கைக்கும் அது போய்ச் சேர வேண்டிய கைக்கும் நடுவில் ஒரு மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிகிறது. ஊசியின் நுனி எதிர்க்கையின் ஓட்டைக்குள் போகாமல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன், போகிறது. பின்பக்கத்தில் அதே ஸ்விவல் ஜோடி முழுதாக மூடுகிறது, காகிதம் நுழையவில்லை.

கலிப்பரால் அளந்தேன். முன்ஸ்டட்டின் தலை பின்ஸ்டட்டை விட அரை மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டும் ஒரே செட் இல்லை, முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஒரு நேரம் முன்னால் உள்ளதை மாற்றியிருக்கிறார். அந்தத் தடிப்பு ஸ்விவலின் இரண்டு கைகளையும் அகட்டி வைத்திருக்கிறது, ஆகவே பிளஞ்சர் பாதி தூரம்தான் வருகிறது. ஒரு வருடமாக ஊசி ஒரு கையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மரத்தைத் தாண்டும்போது வந்த குலுக்கலில் அது நழுவியிருக்கிறது. நினைக்கவே வயிறு கலங்குகிறது, போன வருடம் முழுக்க இதே ஸ்லிங்கில் ஏணி ஏறியிருக்கிறேன்.

பழைய தடம்

கண்டுபிடித்துவிட்டாய். தடிப்பு வித்தியாசம் என்பது நான் யோசிக்காத விசயம், எனக்கும் இது பாடம். ‘டிக்’ சத்தம் பிளஞ்சர் நகர்ந்ததைத்தான் சொல்லும், ஊசி போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது.

ஸ்டட்டும் ஸ்விவலும் ஒரே பெட்டியில் வரும் செட்டாக வாங்கு. கட்டையில் ஏற்றும் முன் ஒரு வேலை செய். ஸ்டட்டை வைசில் இறுக்கி, ஸ்விவலைப் பூட்டி, அதில் கயிற்றால் 10 லீற்றர் தண்ணீர் வாளி ஒன்றைத் தொங்கவிடு. உன் துவக்கின் எடையில் இரண்டரை மடங்கு. வாளியை ஆட்டு, முறுக்கு, கொஞ்சம் தூக்கிச் சட்டென்று விடு. நடையில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்லிங்கில் விழுவது அந்தச் சட்டென்ற இழுப்புத்தான், அசையாமல் தொங்கும் எடையை வைத்துக் கணக்குப் பார்க்காதே. கராஜில் செய், தண்ணீர் தெறிக்கும்.

ஏணி ஏறும் விசயம். துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறாதே தம்பி, எந்த ஸ்விவலாக இருந்தாலும். காலி செய்து, கயிற்றில் கட்டி, நீ மேலே போய் உட்கார்ந்தபின் குழாய் கீழே பார்க்க இழுத்து எடு.

விழுந்த துவக்கைப் பற்றி: ஸ்கோப் மவுண்ட் திருகுகளை ஒவ்வொன்றாகப் பார், குழாயின் வாய்விளிம்பில் கீறலோ நெளிவோ இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பார், கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் கைப்பிடி மெலியும் இடத்தில் மயிரிழை வெடிப்புத் தேடு, வால்நட் அந்த இடத்தில்தான் வெடிக்கும். இதெல்லாம் சரியென்றால் சீரோ பார், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்று. சரிசெய்தபின்னும் குண்டு படும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஸ்கோப் உள்ளுக்குள் பழுதாகிவிட்டது, அதோடு மல்லுக்கட்டாதே.

பனிமலை ஆடு

காகிதச் சோதனை அருமை. இன்றைக்கே என் மகளின் .223 துப்பாக்கியில் செய்து பார்த்தேன், அதில் இன்னும் ஊசி வகைதான். நுழையவில்லை, ஆனால் பார்த்தபின்தான் மனம் அமைதியானது.

வடக்குக்காடு

செட் வந்துவிட்டது. வாளிச் சோதனை அரை மணித்தியாலம் செய்தேன், மகன் ஆட்டினான், அசையவில்லை. முன்ஸ்டட்டை நீலப்பசையோடு ஏற்றி நெயில் பாலிஷ் கோடும் போட்டாயிற்று. கட்டையில் வெடிப்பு இல்லை, பின்பக்க மவுண்ட் திருகு ஒன்று தளர்ந்திருந்தது, இறுக்கியபின் சீரோ நின்றுவிட்டது. மூன்று குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின.

இன்னொரு விசயம். துவக்கை விற்றவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், கோபத்தோடு இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் பழைய ஸ்டட் தேய்ந்துபோனதால் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டினாராம், அந்தப் பெட்டியில் இரண்டு இருந்ததாம். மற்றது எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தொலைபேசியை வைக்காமலே போய் மகனின் துவக்கை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு ரசீதை மடித்து நுழைத்துப் பார்த்தாராம், போகிறதாம்.